விற்க மனசு வரலை

"அந்தக் காட்டுல போய் எப்படித்தான் இருக்கப் போறீங்களோ அண்ணி!" என்று 1996-ல் என்னைக் கேட்ட என் நாத்தனார், போன மாதம் போன் செய்து, "உங்க பக்கம் அரை கிரவுண்டு கிடைக்குமா, கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க" என்கிறாள். எல்லாம் காலம் செய்யும் கோலம்!

நாங்கள் இருப்பது திருநின்றவூரில். சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஏறினால், ஆவடி, பட்டாபிராம், நெமிலிச்சேரி தாண்டி எங்க ஊர். ஏறக்குறைய 30 கிலோ மீட்டர். பழைய ஆட்கள் இன்னும் 'தின்னனூர்' என்றுதான் சொல்வார்கள். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போட்டார்களே, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை, அது எங்க ஊர் வழியாகப் போனதுதான்.

அதற்கு முன் அயனாவரத்தில் ஒண்டுக் குடித்தனம். ஏழு குடித்தனத்துக்கு ஒரே அடிபம்பு. காலையில் நாலு குடம், சாயந்திரம் ரெண்டு குடம் என்று வீட்டுக்கார அம்மா எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். விருந்தாளி வந்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கைக்குழந்தையின் துணியை அலசக்கூட யோசிக்க வேண்டும். அதனால் இங்கே மனை வாங்கி, கிணறு தோண்டி, இருபது அடியில் தண்ணீர் வந்த அன்றைக்கு நான் அழுதே விட்டேன். வீடு அப்புறம்தான் வந்தது.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இங்குள்ள பக்தவத்சலப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. தாயாருக்குப் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'. திருமகள் கோபித்துக்கொண்டு வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற இடம் என்பதால்தான் திருநின்றவூர் என்கிறது தல புராணம். (கோபித்துக்கொண்டு போக நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறாள்!) ஏரிப் பக்கம் இருதயாலீஸ்வரர் கோயில். காசில்லாத பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே செங்கல் அடுக்கிக் கட்டிய கோயிலுக்கு, காஞ்சியில் பல்லவ ராஜா கட்டிய கோயிலை விட்டுவிட்டு, சிவபெருமான் முதலில் வந்தார் என்பது பெரிய புராணக் கதை. இருதய நோய்க்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ இங்கே வந்து வேண்டிக்கொள்வார்கள். நான் பிரதோஷத்துக்கு மட்டும் போவேன். நமக்கும் ஒருநாள் அந்த வேண்டுதல் வரும் என்று யார் நினைத்தது?

என்னவருக்குப் பாரிமுனையில் வேலை. ரிட்டயர் ஆகும்வரை சீசன் டிக்கெட்தான். எங்கள் வீட்டுக்குக் கடிகாரமே தேவையில்லை. இந்த வண்டி போனால் இட்லி வேகணும், அந்த வண்டி போனால் குழந்தைகள் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கணும். மாலை லேடீஸ் பெட்டியில் ஏறிப் பாருங்கள், கீரை ஆய்ந்து, பீன்ஸ் நறுக்கி, பூ கட்டி, வீடு போவதற்குள் பாதி சமையலை முடித்துவிடுவார்கள் வேலைக்குப் போகும் பெண்கள். எனக்குக் கிடைத்த நல்ல சிநேகிதிகள் எல்லாம் அந்தப் பெட்டியில் கிடைத்தவர்கள்தான்.

2019 கோடையில் சென்னையே தண்ணீருக்குத் தவித்ததே, அப்போது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் விட்டார்கள். அது எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும். ஸ்டேஷனில் எல்லாரும் சாமி ஊர்வலம் பார்ப்பது மாதிரி நின்று பார்த்தார்கள். அந்த வாரம் என் நாத்தனார் ஆறு கேன்களோடு காரில் வந்து எங்கள் கிணற்றில் பிடித்துக்கொண்டு போனாள். எதுவும் சொல்லிக் காட்டவில்லை நான். மனசுக்குள் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்!

எல்லாம் நல்லது என்று சொன்னால் பொய். ஏரி நிரம்பினால் தாழ்வான தெருக்களில் வெள்ளம் வரும். கொசுத் தொல்லை சொல்லி முடியாது. 2021-ல் நகராட்சி ஆகியும், மழை பெய்தால் எங்கள் தெருவில் செருப்பைக் கையில்தான் எடுக்கணும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி.

ஒன்றரை மணி இருக்கும். "நெஞ்சை அழுத்துது, தண்ணி குடு" என்றார். பார்த்தால் பனியன் தொப்பலாக நனைந்திருக்கிறது. வாசலில் கார் நிற்கிறது. சாவி ஆணியில் தொங்குகிறது. ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் கட்டிலில் கிடக்கிறார். அந்தச் சாவியைக் கையில் எடுத்தேன், மறுபடி மாட்டினேன். அந்த ஒரு நிமிஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் கதவைத் தட்டினேன். சட்டைகூடப் போடாமல் வந்தார், புண்ணியவான். இதய சிகிச்சை உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர, காலியான ரோட்டிலேயே நாற்பது நிமிஷம். "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்ட டாக்டர், நான் ஊரைச் சொன்னதும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார். ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

மகன் சும்மா இருப்பானா? "வீட்டை வித்துட்டு என் பக்கத்துலயே ஒரு ஃபிளாட் வாங்கிடுங்கம்மா. தெருக்கோடியில ஆஸ்பத்திரி இருக்கு" என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் அவன் வீட்டில்தான் இருந்தோம். ஐந்தாவது மாடி. மருமகள் தாங்கினாள். பக்கத்து ஃபிளாட் பெண்ணும் நல்ல மாதிரி, பழிக்க மாட்டேன். ஆனால், சாயந்திரமானால் இவர் பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, "இப்போ திருவள்ளூர் லோக்கல் போயிருக்கும்" என்பார். ஒருநாள் லாரித் தண்ணீர் வரவில்லை, பக்கெட்டில் அளந்து பயன்படுத்தச் சொல்லி வாட்ச்மேன் வந்து சொன்னார். எனக்கு அயனாவரத்து வீட்டுக்கார அம்மா முகம் ஞாபகம் வந்தது.

"ஊருக்குப் போறோம். அடுத்த தடவை யார் கதவையும் தட்டாத மாதிரி நான் பார்த்துக்கறேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டு வந்து, என் 57-வது வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்.எல்.ஆர். எடுக்க டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வைக்க வேண்டும், சேர விரும்பும் சகோதரிகள் தயாராகப் போங்கள். சொல்லிக்கொடுத்த பையனுக்கு என் மகன் வயசுகூட இருக்காது. "அம்மா, கிளட்சை மெதுவா விடுங்கம்மா, மாவாட்டுற மாதிரி மெதுவா" என்பான். மூன்று முறை வண்டி நடுரோட்டில் நின்றுபோய், பின்னால் வந்த லாரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முதல் டெஸ்டில் தேறவில்லை. இரண்டாவதில் லைசென்ஸ் கிடைத்தது.

போன வெள்ளிக்கிழமை விடியற்காலை நாலரைக்கு, ஆஸ்பத்திரி வாசல்வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது. இன்னும் குறைக்கலாம். வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி இரண்டு கட்டு முளைக்கீரை வாங்கினேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் அதற்குள், "எதுக்கு இவ்வளவு ஹாரன் அடிக்கிறே?" என்று ஆரம்பித்துவிட்டார்.

- ஒரு வாசகி, திருநின்றவூர்