தட்டம்மை பரவும் விதமும் பயம் பரவும் விதமும்

2004 டிசம்பர் 30. ஆழிப்பேரலை அடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டிலும் வீடிழந்தவர்கள் இன்னும் திகைப்பிலிருந்து மீளவில்லை. அன்றுதான் கடலூர் மாவட்டத்தில் குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அதே நாளில், இன்னொரு பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. ஒன்று கிருமி, மற்றது பயம். இரண்டுமே ஆளுக்கு ஆள் தொற்றுபவை.

முகாம் நெரிசலால்தான் அம்மை வந்தது என்று யாருக்கும் தோன்றும். நாள் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. தட்டம்மைக் கிருமி உடம்புக்குள் போன பிறகு காய்ச்சல் தொடங்கச் சுமார் 10 நாள் ஆகும், தடிப்பு தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம். 26-ஆம் தேதி தொற்றியது 30-ஆம் தேதிக்குள் வெளியே தெரியாது. அலைக்கு முன்பே அம்மை ஊருக்குள் இருந்திருக்கிறது. பின்னர் நடந்த ஆய்வில் 101 பேருக்கு அது வந்திருந்தது தெரிந்தது.

இத்தனைக்கும் அங்கே நூற்றுக்கு 95-க்கு மேல் குழந்தைகள் தடுப்பூசி போட்டவர்கள். ஆனால் அந்தக் காலத்தில் அட்டவணையில் இருந்தது ஒன்பதாம் மாதத்து ஒரே ஊசி. அந்த வயதில் போடுவது நூறில் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். 95 பேருக்குப் போட்டால் 81 பேருக்குத்தான் பாதுகாப்பு. மிச்சமுள்ள 19 பேர் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போவார்கள். தட்டம்மைக்கு அது போதும்.

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியாள் உள்ளே போகாமலிருப்பதும் நல்ல வழக்கம். என்றாலும் இந்த அம்மை, தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்னாலேயே பரவத் தொடங்கிவிடும். வெறும் சளி, காய்ச்சல், கண் சிவப்பு என்று நினைத்துப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கும் அங்கன்வாடிக்கும் போய்வரும் நாட்கள் அவை. பிள்ளை இருந்துவிட்டுப் போன அறையின் காற்றில் கிருமி இரண்டு மணி நேரம் வரை இருக்கும். வேப்பிலை வாசலுக்கு வரும்போது அம்மை அடுத்த தெருவுக்குப் போயிருக்கும்.

இனி அன்றைய இன்னொரு தொற்று. எச்சரிக்கை பரவியதும் தமிழகக் கரையோரம் நெடுக மக்கள் உள்நாட்டை நோக்கி ஓடினார்கள். நிவாரண வேலை நின்றது. எந்த ஆதாரமும் இல்லாத கணிப்பு அது என்று தெரிந்து எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். ஓடியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. நான்கு நாளுக்கு முன் கடல் எழுந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

இரண்டு தொற்றும் பிரியும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தட்டம்மை ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் ஆயுசுக்கும் வராது. அவர் வரைக்கும் வந்த சங்கிலி அவரோடு அறுந்துவிடும். பயம் அப்படியில்லை. ஒருமுறை பட்டவரைத்தான் அது மறுபடி முதலில் பிடிக்கிறது, அவர் சொன்னால் ஊரும் நம்புகிறது. அதனால்தான் பயத்துக்கு நம்பகமான ஒரே குரல் தேவைப்படுகிறது. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியதில் அந்த நன்மையும் உண்டு.

இரண்டும் கைகோத்ததும் உண்டு. 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தமிழகத்தில் தொடங்கியபோது, ஊசி ஆபத்து என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. பயந்துபோன பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. இன்று அட்டவணையில் இரண்டு ஊசி: முதலாவது 9 முதல் 12 மாதத்துக்குள், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவதுதான். வீட்டில் இருக்கும் தடுப்பூசி அட்டையில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.