பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல்: விடியும் வரை காத்திருக்க வேண்டாம்

பிறந்தது முதல் 28 நாட்கள் வரையுள்ள குழந்தையைப் பச்சிளங்குழந்தை என்கிறோம். இந்த வயதில் உடல் சுடுவதைப் பெரிய குழந்தைகளுக்கு வரும் சாதாரணக் காய்ச்சலாகக் கருதுதல் கூடாது. மூன்று வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாள் கவனித்துப் பார்க்கலாம். பச்சிளங்குழந்தைக்கு ஓரிரவு கூடப் பொறுத்தல் ஆகாது. மருந்து கொடுப்பதன்று, குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதே பெற்றோர் செய்ய வேண்டிய முதல் வேலை.

ஏன் இந்த அவசரம்?

பச்சிளங்குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் இன்னும் முழு வளர்ச்சி பெறவில்லை. தொப்புள், தோல், நுரையீரல், சிறுநீர்ப்பாதை ஆகியவற்றுள் எதன் வழியாகவேனும் நுழையும் கிருமி, சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி மூளையின் உறைகளையும் தாக்கக்கூடும். பெரிய குழந்தையைப் போல இக்குழந்தையால் வலியைச் சொல்ல இயலாது. சில குழந்தைகள் அழுவதும் இல்லை, அமைதியாகிவிடுகின்றன. "இன்று தொந்தரவு இல்லாமல் தூங்குகிறது" என்று குடும்பத்தார் மகிழும் அந்த அமைதியே நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

வெப்பநிலையை அளப்பது எப்படி?

கையால் தொட்டுப் பார்ப்பது எச்சரிக்கைக்கு உதவும், முடிவுக்கு உதவாது. எண்களைக் காட்டும் டிஜிட்டல் வெப்பமானியைப் பயன்படுத்துங்கள். குழந்தையின் அக்குளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, வெப்பமானியின் முனையை அக்குளின் நடுவில் வைத்து, கையை உடலோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒலி எழுந்ததும் எடுத்து, அளவையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

- 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை: இயல்பான அளவு.
- 99.5-க்கு மேல், 100.4-க்குக் கீழ்: கூடுதல் துணிகளையும் தொப்பியையும் அகற்றி, காற்றோட்டமான இடத்தில் தாய்ப்பால் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவும். குறையாவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். குழந்தை சோர்வாக இருந்தால் இந்த 15 நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.
- 100.4 டிகிரி (38 டிகிரி செல்சியஸ்) அல்லது அதற்கு மேல்: மறு அளவீடு தேவையில்லை. உடனே புறப்படவும்.
- 97.7-க்குக் கீழ்: தாயின் மார்போடு தோலுடன் தோல் சேர அணைத்து, மேலே போர்த்தி, பால் கொடுக்கவும். அரை மணி நேரத்தில் உயராவிட்டாலோ, 95.9-க்குக் கீழ் இருந்தாலோ மருத்துவமனைக்குச் செல்லவும். கடும் தொற்றில் பச்சிளங்குழந்தையின் உடல் சுடுவதற்குப் பதிலாகக் குளிர்ந்தும் போகலாம்.

கோடைக்காலத்தில் பல துணிகளில் சுற்றி மூடிய அறையில் வைப்பதாலும், முதல் சில நாட்களில் தாய்ப்பால் போதிய அளவு கிடைக்காததாலும் உடல் சூடு ஏறுவதுண்டு. ஆயினும் அது நீர்ச்சத்துக் குறைவா, கிருமித் தொற்றா என்பதை வீட்டில் பிரித்தறிய இயலாது. பிறந்தவுடன் போடப்படும் தடுப்பூசிகளால்தான் காய்ச்சல் வந்தது என்றும் நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே வர வேண்டிய அறிகுறிகள்

- பால் குடிக்க மறுத்தல் அல்லது உறிஞ்சும் வலு குறைதல்
- எழுப்பினாலும் எழாத சோர்வு, கைகால் அசைவு குறைதல்
- அமைதியாக இருக்கும்போதே நிமிடத்திற்கு 60 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு விடுதல், நெஞ்சு உள்வாங்குதல், முனகல்
- வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல், உதடு நீலமாதல்
- தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் அல்லது சீழ் வடிதல்
- உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் நிறம்

செய்யக்கூடாதவை

மருத்துவர் சொல்லாமல் பாராசிட்டமால் சொட்டு மருந்து கொடுக்காதீர்கள். அது சூட்டைத் தணிக்கும், தொற்றைத் தணிக்காது. சூடு குறைந்ததைக் கண்டு குடும்பம் நிம்மதியடையும் நேரத்தில் நோய் உள்ளே வளரும். குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவதோ, ஈரத்துணியால் போர்த்துவதோ கூடாது. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மாந்தம், கண்ணேறு என்று கருதி உரை மருந்து, வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் ஆகியவற்றைப் புகட்ட வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அவர்களிடம், "மருத்துவர் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று பணிவாகக் கூறிப் புறப்படுங்கள்.

வழியில் செய்ய வேண்டியவை

108 ஆம்புலன்ஸை அழையுங்கள். குழந்தை உறிஞ்சிக் குடித்தால் வழியிலும் தாய்ப்பால் கொடுக்கலாம். வலிப்போ மயக்கமோ இருந்தால் வாயில் எதையும் கொடுக்கக் கூடாது. பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அட்டையையும் தாய் சேய் நல அட்டையையும் எடுத்து வாருங்கள். பிரசவத்திற்கு நெடுநேரம் முன்பே பனிக்குடம் உடைந்ததா, தாய்க்குக் காய்ச்சல் இருந்ததா என்பதைக் கூறுங்கள். வீட்டில் ஏதேனும் புகட்டியிருந்தால் அதனையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களைக் கடிந்துகொள்வதற்காக நாங்கள் கேட்பதில்லை. சிகிச்சையைத் தீர்மானிக்க அத்தகவல் தேவை.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

இரத்தம், சிறுநீர் ஆகியவை பரிசோதிக்கப்படும். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று அறியும் பரிசோதனையின் முடிவு வர 2 முதல் 3 நாட்கள் ஆகலாம். அதுவரை காத்திராமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நரம்பு வழியாகத் தொடங்கப்படும்.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்றதும் பல பெற்றோர் அஞ்சிக் கையொப்பமிட மறுக்கின்றனர். தண்டுவடம் முடியும் இடத்திற்கும் கீழேதான் அந்த மெல்லிய ஊசி செலுத்தப்படுகிறது. குழந்தையின் கால்கள் செயலிழந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். மூளை உறைகளில் தொற்று உள்ளதா என்பதை உறுதியாகக் காட்டுவது அந்தச் சில துளி நீரே.

தொற்று உறுதியானால் சிகிச்சை பெரும்பாலும் 7 முதல் 14 நாட்கள் தொடரும். மூளை உறைத் தொற்று எனில் 14 முதல் 21 நாட்கள், சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகலாம். இரண்டாம் நாளே சூடு தணிந்து குழந்தை நன்றாகப் பால் குடிக்கத் தொடங்கலாம். அப்போது "சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறோம்" என்று கேட்காதீர்கள். பாதியில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். அடுத்த முறை குழந்தை இன்னும் மோசமான நிலையில் வரக்கூடும்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதும் தாய்ப்பால் தேவை. நேரடியாகக் கொடுக்க இயலாவிட்டால் கையால் பீய்ச்சிக் கொடுக்கலாம், செவிலியர் கற்றுத்தருவார். செலவை எண்ணித் தயங்க வேண்டாம். 2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் கீழ், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து ஆகியவை இலவசம்.

தொற்றைத் தடுக்க

குழந்தையைத் தொடும் ஒவ்வொருவரும் சோப்பினால் கை கழுவ வேண்டும். தொப்புளில் எண்ணெய், மஞ்சள், சாம்பல் எதையும் பூசாமல் உலர்வாக விடுங்கள். தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் குழந்தையைக் காண வருவதை அன்புடன் தவிர்த்துவிடுங்கள். வீட்டிற்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தபின், பரிசோதித்து "தொற்று இல்லை" என்று அனுப்ப நேர்ந்தால் அதில் எங்களுக்குச் சிறிதும் சலிப்பில்லை. உங்கள் அலைச்சலும் வீணன்று. ஐயம் எழுந்த அந்த நேரமே வருவதற்கு உரிய நேரம்.