தூத்துக்குடி ஆடாத ஆட்டம்

கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் நாம் தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடுவோம். மன்னார் வளைகுடாவைத் தாண்டி, இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பில், போர்ச்சுகீசியர் வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணம் என்றால் சங்கதியே அப்போதுதான் களைகட்டும். வயலின் இழையும், கைப்பறை அதிரும், ஆணும் பெண்ணும் ஜோடி ஜோடியாக ஆட இறங்குவார்கள். ஆட்டத்தின் பெயர் கப்ரிஞ்ஞா. நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் லான்சர்ஸ் இன்னொன்று. ஆடுகிறவர்களில் பெரியவர்கள் தங்களுக்குள் போர்ச்சுகீசியக் கிரியோல் பேசக்கூடும். சந்தையிலும் பள்ளியிலும் அவர்கள் பேசுவது மட்டக்களப்புத் தமிழ்.

நம் பக்கத்திலோ, இப்படி ஜோடியாக ஆடும் சல்சா என்றாலே 'அதெல்லாம் சென்னை, பெங்களூரு நட்சத்திர ஓட்டல் சமாசாரம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவது தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒட்டாது என்று அதற்கு ஒரு தீர்ப்பும் வைத்திருக்கிறோம். ஆனால் தமிழ் பேசும் ஒரு சமூகம் பல தலைமுறைகளாக ஜோடி ஆட்டம் ஆடி வருகிறது. அதன் வரலாறும் தூத்துக்குடியின் வரலாறும் ஒரே கப்பலில் வந்தவை.

ஒரு கப்பல், இரு கரை

தூத்துக்குடியை உள்ளடக்கிய முத்துக்குளித்துறைக் கரையில் மோதல் முற்றியபோது, அங்கே கடல் தொழில் செய்த பரதவரின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1535 முதல் 1537 வரை ஆயிரக்கணக்கான பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542ல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ, ரோச் என்ற பெயர்கள் அன்றிலிருந்து இந்தக் கரையில் தமிழ்ப் பெயர்கள். ஆகஸ்ட் 5 வந்தால் பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரே திரளும். கடல் கடந்துபோன பிள்ளைகளுக்குப் பெட்டி பெட்டியாக முந்திரி மக்ரூன் போகும். மதம், பெயர், பலகாரம் என்று எல்லாவற்றையும் தூத்துக்குடி எடுத்துக்கொண்டது. ஆட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கரையில் கதை வேறு. 1505ல் இலங்கைக்கு வந்த போர்ச்சுகீசியர் கோட்டைகள் கட்டினார்கள், படைவீரர்களைக் குடியமர்த்தினார்கள். அவர்களில் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளும் கூலிப்படையினரும் கொண்டுவரப்பட்டார்கள். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும்கூட அப்படிக் கொண்டுவந்தார்கள். அந்த ஆப்பிரிக்க வம்சத்தினர் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். 'மஞ்ஞா' என்ற அவர்களுடைய பாட்டு மெதுவாகத் தொடங்கி, தாளம் ஏற ஏற எல்லோரையும் எழுப்பி ஆடவைக்கும். ஐபீரியக் கித்தாரும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்த அந்த மரபிலிருந்துதான் கப்ரிஞ்ஞாவும், பின்னால் பைலாவும் வந்தன.

1658ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் ஒரே ஆண்டில் பிடித்தார்கள். இரு கரையிலும் போர்ச்சுகல் கொடி இறங்கியது. ஆனால் ஒரு கரையில் ஆட்டம் நிலைத்தது, மறு கரையில் ஆட்டமே இல்லை. ஏன்? என் கணிப்பு இதுதான்: முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியர் பெருமளவில் குடும்பம் அமைத்துக் குடியேறவில்லை. இங்கே ஊருக்குள் வந்து தங்கியவர்கள் பெரும்பாலும் பாதிரியார்கள். அவர்கள் கோயிலையும் செபத்தையும் பாட்டையும் தந்தார்கள். பரதவரும் சாதித்தலைவன் தலைமையில் கட்டுக்கோப்பான சமூகமாகவே இருந்தார்கள். கடற்கரை ஊர்களில் வாசாப்பு நாடகம் வளர்ந்தது. தெற்கே போகப்போகக் களியல் என்ற கோலாட்டம் இருந்தது. வாசாப்பு மேடைக்கு உரியது, களியல் ஆண்களுக்கு உரியது. கும்மி பெண்களுக்கு, ஒயில் ஆண்களுக்கு என்பதுதானே தமிழ்நாடு முழுக்க ஏற்பாடு. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடினால் அது ராஜா-ராணி ஆட்டம். அதை ஆடக் கலைஞர்கள் வருவார்கள், நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.

விதிவிலக்கும் இருந்தது. பொன்மலை, போத்தனூர் போன்ற ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ரயில்வே இன்ஸ்டிடியூட் கூடங்களில் வால்ட்ஸும் ஜைவும் ஆடின. கிறிஸ்துமஸ் நடனத்துக்குப் பாட்டியும் வருவார், பேத்தியும் வருவாள். அவர்களில் பலர் பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தபோது அந்தக் கூடங்களின் இரவுகளும் மெலிந்தன.

வானொலியில் வந்த பைலா

இருபதாம் நூற்றாண்டில் கொழும்பில் போலீஸ்காரராக இருந்த வாலி பஸ்தியன், பைலாவைச் சிங்களப் பாட்டாக்கி ஊர் அறியச் செய்தார். இரண்டு பாடகர்கள் மேடையில் அந்தந்த நேரத்தில் பாட்டுக் கட்டி ஒருவரை ஒருவர் மடக்கும் 'வாதப் பைலா'வும் வளர்ந்தது. நம் எசப்பாட்டை அறிந்தவர்களுக்கு அதன் சுவையை விளக்க வேண்டியதில்லை. இன்று இலங்கையில் சிங்களவர், பறங்கியர் வேறுபாடின்றி எந்த விருந்தும் பைலா இல்லாமல் முடிவதில்லை.

அந்தத் துள்ளல் தமிழுக்கும் வந்தது. நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார். 1977ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அந்தப் பாட்டு தமிழ் சினிமாவுக்குள்ளும் நுழைந்தது. இலங்கை வானொலி தெளிவாகக் கேட்ட தூத்துக்குடிக் கரைக்கு இதெல்லாம் வீட்டுப் பாட்டு. கால் தாளம் போட்டது. ஆனால் நாற்காலியை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை.

சல்சாவும் துறைமுகப் பிள்ளைதான்

சல்சாவின் பிறப்பும் இப்படித்தான். கியூபாவில் ஸ்பானியரின் கித்தாரும் கரும்புத் தோட்டத்து ஆப்பிரிக்க அடிமைகளின் தாளமும் கலந்து 'சோன்' இசை உருவானது. அது ஹவானாவிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பல் ஏறியது. அங்கே புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பேட்டைகளில் ஜாஸோடு சேர்ந்து புது முறுக்கு ஏறியது. 1964ல் ஜானி பச்சேக்கோவும் ஜெரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா என்ற இசைத்தட்டு நிறுவனம், 1970களில் அதை 'சல்சா' என்ற பெயரில் உலகம் முழுக்க விற்றது. பைலாவின் தாளம் ஆறெட்டு, சல்சாவின் தாளம் நாலுக்கு நாலு. தாளம் வேறானாலும் துறைமுகம், அடிமை வணிகம், ஐபீரியக் கித்தார் என்ற மூன்றும் இரண்டுக்கும் பொது.

சல்சா சோஷியல் என்பது கச்சேரியும் இல்லை, போட்டியும் இல்லை. பொதுவாக முதல் ஒரு மணி நேரம் புதியவர்களுக்கு வகுப்பு. எட்டு எண்ணிக்கையில் ஆறு அடி: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு நிறுத்தம், ஐந்து, ஆறு, ஏழு, ஒரு நிறுத்தம். வகுப்பு முடிந்ததும் விளக்கைக் குறைத்துப் பாட்டை ஏற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் யாரையும் ஆட அழைக்கலாம். அழைக்கப்பட்டவர் விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே மறுக்கலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு பாட்டு நாலைந்து நிமிடம். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஜோடி. கணவன் மனைவியாக வந்தவர்களும் பிரிந்து வேறு வேறு ஆட்களோடு ஆடுவார்கள். இடையில் பச்சாட்டா போன்ற மெதுவான ஆட்டங்களும் உண்டு. பழகியவர்கள் மாற்றுச் சட்டையும் கைத்துண்டும் கொண்டுவருவார்கள்; வேர்வை அப்படி.

ஆட்டத்தில் ஒருவர் நடத்துவார், மற்றவர் பின்தொடர்வார். வாய் பேசாது, கை பேசும். முத்துக் குளிப்பவருக்கும் தோணியில் கயிறு பிடிப்பவருக்கும் இருந்த உறவை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். கீழே இருப்பவரின் ஓர் இழுப்பு மேலே இருப்பவருக்குப் போதும். அந்தக் கயிற்றைக் கடுமையாகப் பிடித்தாலும் ஆபத்து, தொய்ய விட்டாலும் ஆபத்து. சல்சாவில் பிடிக்கிற கையும் அப்படித்தான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961ல். சங்குக்குளிப்பு இன்றும் நடக்கிறது.

எதற்கு இந்த ஆட்டம்?

வயது வந்த ஆணும் பெண்ணும் மரியாதையாக, எல்லோர் கண்ணெதிரே, ஒருவரை ஒருவர் கேட்டுச் சம்மதம் பெற்றுப் பழகுவதற்கு நம் சிற்றூர்களிலும் நகரங்களிலும் இடமே கிடையாது. கோயில் திருவிழாவில் கூட்டம் உண்டு, பழக்கம் இல்லை. கல்யாண மண்டபத்து டி.ஜே. இரவில் சத்தம் உண்டு, முறை இல்லை. இளைஞர்கள் ஒரு பக்கம் குதிக்க, பெண்கள் இன்னொரு பக்கம் கைபேசியில் படம்பிடிப்பதோடு சரி. சோஷியலில் ஒரு முறை இருக்கிறது. கேட்பது, மறுப்பது, மறுப்பை ஏற்பது, நன்றி சொல்வது ஆகிய நான்கையும் பாட்டுக்குப் பாட்டு பழக்கிவிடுகிறது. அறுபது வயதுக்காரரும் இருபது வயதுக்காரியும் ஒரே பாட்டுக்கு ஆடிவிட்டு அவரவர் நாற்காலிக்குத் திரும்புவதில் விகற்பம் எதுவும் இல்லை என்பதை ஒரே மாலையில் புரியவைக்கிறது.

'இது நம்ம ஊருக்குச் சரிப்படுமா?' என்று கேட்பவர்கள் மட்டக்களப்பைப் பார்க்கலாம். தச்சர்களும் கொல்லர்களும் இயந்திரத் தொழிலாளர்களும் நிறைந்த, வசதி குறைந்த, பக்தியுள்ள கத்தோலிக்கச் சமூகம் அது. 2004 டிசம்பர் 26 சுனாமி அவர்களில் பலர் வாழ்ந்த டச்சுபார் குடியிருப்பையே வாரிக்கொண்டு போனது. உயிர்களை இழந்தும், வீடுகளை இழந்தும் அவர்கள் கப்ரிஞ்ஞாவைக் கைவிடவில்லை. லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து அவர்கள் மொழியையும் பாட்டையும் பதிவு செய்திருக்கிறார்கள். லிஸ்பனிலிருந்து வர முடிந்த இடத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து போக முடியாதா?

2011ல் தூத்துக்குடி-கொழும்பு பயணிகள் கப்பல் ஜூனில் தொடங்கி நவம்பரிலேயே நின்றுபோனது. கப்பல் மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டாம். தூத்துக்குடியில் கல்லூரிக் கலையரங்கங்கள் இருக்கின்றன, பங்குக் கூடங்கள் இருக்கின்றன, துறைமுக ஊழியர் குடியிருப்பு இருக்கிறது. பனிமய மாதா திருவிழா முடிந்த ஒரு சனிக்கிழமை மாலை போதும். மட்டக்களப்பிலிருந்து ஒரு வயலின்காரரையும் நான்கு ஜோடிகளையும், சென்னையிலிருந்து ஒரு சல்சா ஆசிரியரையும் அழையுங்கள். முதல் மணி நேரம் வகுப்பு, பிறகு பைலா, அதன்பிறகு சல்சா. பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், நீங்களும் வாருங்கள். ஆட வராது என்பவர்களுக்காகத்தான் அந்த முதல் மணி நேரம்.