நான்கில் இரண்டு மட்டும்

மேசையின் நடுவே ஐந்து சீட்டுகள் விரிந்து கிடக்கின்றன. அவற்றில் நான்கு ஆட்டின்: ராஜா, 9, 5, 2. ஐந்தாவது, இஸ்பேட் 7. புதிதாக ஆட வந்தவரின் கையில் நான்கு சீட்டுகள். அவற்றில் ஒன்று ஆட்டின் ஏஸ். மற்ற மூன்றில் ஆட்டின் கிடையாது. கீழே நான்கு ஆட்டின், கையில் ஏஸ், ஆக ஐந்தும் ஒரே இனம், இதை வெல்ல எவராலும் முடியாது என்று அவர் நம்புகிறார். கையிலிருந்த சில்லுகளை எல்லாம் நடுவே தள்ளிவிடுகிறார். எதிரில் இருப்பவர் ஆட்டின் 6, ஆட்டின் 4 இரண்டையும் திருப்பிக் காட்ட, மொத்தப் பணமும் அந்தப் பக்கம் போகிறது.

ஒமாஹா போக்கர் கற்கும் பலரும் முதலில் விழும் பள்ளம் இதுதான். ஏஸ் வைத்திருந்தவரிடம், ஐந்தும் ஒரே இனமாகச் சேரும் ஃபிளஷ் இல்லவே இல்லை. ஒமாஹாவில் கைச்சீட்டு நான்கிலிருந்து சரியாக இரண்டை எடுக்க வேண்டும். நடுவிலுள்ள ஐந்திலிருந்து சரியாக மூன்றை எடுக்க வேண்டும். கையிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து நான்கு என்று சேர்க்க இங்கே இடமில்லை.

உலகம் முழுக்கப் பரவியிருக்கும் டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்துக்கு இது தம்பி முறை. ஹோல்டத்தில் கைக்கு இரண்டு சீட்டு. மொத்தம் ஏழிலிருந்து எந்த ஐந்தையும் எடுத்துக்கொள்ளலாம். 1980களின் தொடக்கத்தில் ராபர்ட் டர்னர் என்ற ஆட்டக்காரர் நான்கு சீட்டு ஆட்டத்தைப் பில் பாய்டிடம் கொண்டுபோனார். பாய்ட் அப்போது லாஸ் வேகஸின் கோல்டன் நக்கெட் சூதாட்ட விடுதியில் போக்கர் அறையை நடத்திவந்தார். அங்கே அது ‘நக்கெட் ஹோல்டம்’ என்ற பெயரில் மேசைக்கு வந்தது. ஒமாஹா என்ற பெயர் பிறகு நிலைத்தது.

இரண்டு சீட்டு கூடியதில் என்ன பெரிய மாற்றம் என்று தோன்றலாம். 52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள்தான் உண்டு. நான்கை எடுக்க 2,70,725 வழிகள். ஹோல்டத்தில் கடைசிச் சீட்டு விழுந்ததும் ஒருவர் 21 விதமாக ஐந்து சீட்டு சேர்க்கலாம். ஒமாஹாவில் அது 60. அதனால் ஹோல்டத்தில் சிரித்தபடி காட்டக்கூடிய இரண்டு ஜோடி, இங்கே பெரும்பாலும் தோற்கும் கை.

கைகளின் தரவரிசை வழக்கமான போக்கர் வரிசையே. மேலிருந்து கீழாக: ஒரே இனத்தில் தொடர்ச்சியாக ஐந்து, ஒரே எண்ணில் நான்கு, மூன்றும் இரண்டுமாகச் சேரும் ஃபுல் ஹவுஸ், ஒரே இனமாக ஐந்து வரும் ஃபிளஷ், இனம் கலந்த சீக்வென்ஸ், ஒரே எண்ணில் மூன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, கடைசியாக வெறும் பெரிய சீட்டு. மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் ஓரிடத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே சீக்வென்ஸ், கலர் எனப்படும் ஃபிளஷை வெல்லும். இங்கே கலர்தான் சீக்வென்ஸை வெல்லும். இதற்குக் காரணம் கணக்கு. மூன்று சீட்டில் சீக்வென்ஸ் 720 விதம், கலர் 1,096 விதம். ஐந்து சீட்டில் சீக்வென்ஸ் 10,200 விதம், கலர் 5,108 விதம். அரிதானது மேலே நிற்கிறது.

ஆட்டம் நடக்கும் முறை எளிது. சீட்டு போடுபவர் என்பதைக் காட்டும் வட்டச் சில்லு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் இடம் நகரும். அதற்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயத் தொகை வைக்க வேண்டும். அதுதான் சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட். மூணு சீட்டில் பிளைண்ட் என்றால் சீட்டைப் பார்க்காமல் ஆடுவது. இங்கே அந்தப் பெயர் கட்டாயப் பந்தயத்துக்கு. நான்கு சீட்டு கைக்கு வந்ததும் முதல் சுற்றுப் பந்தயம். நடுவே மூன்று சீட்டு திறந்ததும் இரண்டாவது சுற்று. அந்த மூன்றுக்கு ஃபிளாப் என்று பெயர். நான்காவது சீட்டான டேர்ன் வந்ததும் மூன்றாவது. ஐந்தாவதான ரிவர் வந்ததும் கடைசிச் சுற்று.

பந்தயக் கணக்கு சுவையானது. புதியவர் பணத்தைப் பறிகொடுப்பதும் அங்கேதான்.

ஒமாஹாவைப் பெரும்பாலும் ‘பாட் லிமிட்’ முறையில் ஆடுவார்கள். நடுவே சேர்ந்திருக்கும் மொத்தப் பணம் பாட். ஒருவர் ஒரே தடவையில் அந்தத் தொகை வரை மட்டுமே கட்டலாம். உயர்த்த நினைப்பவர், எதிராளி கட்டியதற்குச் சமமாக முதலில் வைத்ததாகக் கணக்கில் கொண்டு, அதையும் சேர்த்து வரும் பாட்டின் அளவுக்கு உயர்த்தலாம்.

புளியங்கொட்டையை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். ஒவ்வொருவரிடமும் 200 கொட்டை. சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2. நடுவே 3. முதலில் பேசுபவர் 2 வைத்து ஈடுகட்டினால் பாட் 5 ஆகும். அதற்கு மேல் இன்னொரு 5 வரை உயர்த்தலாம். ஆக மொத்தம் 7. அவர் 7 வைக்கிறார், வேறொருவர் 7 வைத்துத் தொடர்கிறார், பிளைண்ட் வைத்த இருவரும் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறார்கள். நடுவே 17.

ஃபிளாப் வருகிறது. ஒருவர் முழுப் பாட்டான 17 கட்டுகிறார், மற்றவர் ஈடுகட்டுகிறார்: 51. டேர்ன் வந்ததும் 51 கட்டி, 51 ஈடு: 153. இப்போது இருவர் கையிலும் மிச்சம் 125 தான். ரிவரில் 153 வரை கட்டலாம் என்கிறது விதி. கையில் அவ்வளவு இல்லை. மூன்றே பந்தயத்தில் 75 போய், நான்காவதில் மீதி எல்லாமே போகும் நிலை வந்துவிட்டது. ‘லிமிட்’ என்ற சொல்லைக் கேட்டு இது பாதுகாப்பான ஆட்டம் என்று நினைத்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கை உரக்கச் சொல்லிக் காட்ட வேண்டும். முழுப் பாட்டும் கட்டி ஈடும் கிடைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பணம் மூன்று மடங்காகிறது.

மேசையில் உயர்த்தும் தொகையை வேகமாகச் சொல்ல ஒரு குறுக்கு வழி உண்டு. எதிராளி கட்டியதை மூன்றால் பெருக்கி, அவர் கட்டும் முன் நடுவே இருந்ததைக் கூட்ட வேண்டும். 17 இருந்த பாட்டில் ஒருவர் 17 கட்டினால், உயர்த்துபவர் 51ஐயும் 17ஐயும் கூட்டி 68 வரை வைக்கலாம்.

இந்த எல்லையால் ஒரு நன்மையும் இருக்கிறது. எதிராளி முழுப் பாட் கட்டினாலும், ஈடுகட்டுபவர் 17 வைத்து 34ஐ வெல்லப் பார்க்கிறார். மூன்றில் ஒரு தடவை வென்றாலே முதல் திரும்பிவிடும். பாட் லிமிட்டில் இதைவிடக் கடுமையான விலையை யாராலும் கேட்க முடியாது. எல்லையே இல்லாத ஆட்டத்தில் பத்து மடங்கு கட்டி எதிராளியை விரட்டலாம். இங்கே அது நடக்காது. அதனால்தான் இன்னும் முடியாத கைகளுக்கு ஒமாஹாவில் அவ்வளவு உயிர்.

ஓர் எடுத்துக்காட்டு. கையில் ஜாக்கி, 10, 7, 6. ஃபிளாப்பில் 9, 8, 2, மூன்றும் வெவ்வேறு இனம். ராணி வந்தால் சீக்வென்ஸ், 5 வந்தாலும் சீக்வென்ஸ். ஜாக்கி, 10, 7, 6 ஆகியவற்றில் இன்னொன்று வந்தாலும் சீக்வென்ஸ்தான். ராணியும் 5ம் தலா நான்கு, மற்றவை தலா மூன்று என்று கூட்டினால் 20 சீட்டுகள். பார்க்காத சீட்டு 45. அடுத்த சீட்டிலேயே சேர 44 சதவீத வாய்ப்பு, இரண்டு சீட்டுக்குள் சேர ஏறக்குறைய 70 சதவீதம். ஹோல்டத்தில் சீக்வென்ஸுக்காகக் காத்திருப்பவருக்கு அதிகபட்சம் எட்டுச் சீட்டுதான் உதவும். ஆனால் சேர்ந்த கை எல்லாமே வெல்லும் கை ஆகிவிடாது. ஜாக்கி விழுந்தால், ராணியும் 10ம் வைத்திருப்பவர் இவரைவிடப் பெரிய சீக்வென்ஸ் காட்டுவார். ஒமாஹாவில் தேர்ந்தவர்கள் ‘சேருமா’ என்று கேட்பதைவிட ‘சேர்ந்தால் அதற்கு மேல் ஒன்று இருக்கிறதா’ என்றே கேட்கிறார்கள்.

கைக்கு நான்கு ஏஸ் வந்தால்? புதியவர் துள்ளுவார். எடுக்க முடிவது இரண்டைத்தான். ஐந்தாவது ஏஸ் உலகத்திலேயே இல்லை. ஆகவே மூன்று ஏஸ் சேர வழியில்லாத ஒற்றை ஜோடி அது. கவிழ்த்துவிட வேண்டிய கை.

இங்குள்ள சட்ட நிலையையும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு அரசின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பை நம்பும் ஆட்டங்கள் என்று அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தி, அந்த அட்டவணையை மட்டும் ரத்து செய்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா வாய்ப்பா என்ற கேள்வியையே ஒதுக்கி, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. கடனில் மூழ்கிய குடும்பங்களைப் பார்த்த எவருக்கும் அந்தத் தடையின் பின்னுள்ள கவலை புரியும்.

கற்றுக்கொள்ளப் பணமும் தேவையில்லை, கைபேசியும் தேவையில்லை. ஒரு சீட்டுக்கட்டும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் போதும். முதல் பத்து ஆட்டங்களில் பந்தயமே வேண்டாம். நான்கு பேருக்கும் சீட்டைத் திறந்தே போட்டு, நடுவே ஐந்தையும் விரித்துவிட்டு, ஒவ்வொருவரும் தன் கையிலிருந்து எந்த இரண்டு, நடுவிலிருந்து எந்த மூன்று என்று விரலால் தொட்டுக் காட்டட்டும். நடுவே நான்கு ஆட்டின் விழும் ஆட்டத்தில், ஒற்றை ஏஸ் வைத்திருப்பவரின் விரல் எங்கே போய் நிற்கிறது என்று மற்றவர்கள் பார்க்கட்டும். அது தயங்காமல் சரியான ஐந்தைத் தொடும் நாளில் கிண்ணத்தை நடுவே வைக்கலாம்.