கேள்வி கேட்கும் உரிமையும் விஞ்ஞான வளர்ச்சியும்

 

மத்ரஸாவிலும் பாடசாலையிலும் நீங்கள் அடிக்கடி கேட்டிருக்கக்கூடிய ஒரு பெருமை உண்டு. ஒரு காலத்தில் உலகுக்கே விஞ்ஞானம் கற்பித்தவர்கள் முஸ்லிம்கள் என்பதே அது. அந்தப் பெருமை உண்மையானதுதான். ஆனால் அதைத் தொடர்ந்து எழவேண்டிய கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. உலகுக்குக் கற்பித்த அரபு சமூகங்கள் பின்னர் ஏன் கற்பவர்களின் வரிசையிலும் பின்னால் போயின?

சிலர் அந்நியர் ஆட்சியைக் காரணம் காட்டுவர். வேறு சிலர் ஈமானின் பலவீனத்தைக் கூறுவர். இவற்றோடு சேர்த்துச் சிந்திக்க வேண்டிய மற்றொரு காரணமும் இருக்கின்றது. அது மனித உரிமை. கற்பதற்கும், கேட்பதற்கும், மாற்றுக் கருத்துச் சொல்வதற்கும் அச்சமின்றி வாழ்வதற்கும் உள்ள உரிமை அது.

தயவில் வளர்ந்த அறிவு

கி.பி. 9ஆம் நூற்றாண்டின் பக்தாதை எண்ணிப் பாருங்கள். கலீஃபா மஃமூன் (ஆட்சி 813–833) மொழிபெயர்ப்புக்கும் வானியலுக்கும் பெரும் ஆதரவளித்தார். அக்காலத்து மொழிபெயர்ப்பாளர்களில் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். மதத்தையும் இனத்தையும் பாராமல் அறிவு மதிக்கப்பட்ட காலம் அது.

ஆனால் அதே மஃமூன்தான் கி.பி. 833இல் ‘மிஹ்னா’ எனும் விசாரணையைத் தொடக்கி வைத்தார். அல்குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை உலமாக்கள் ஏற்க வேண்டுமென வற்புறுத்தினார். மறுத்து நின்ற இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அடுத்த கலீஃபா முஃதஸிமின் காலத்தில் கசையடியும் பட்டார்கள். நூல்களுக்குக் கதவைத் திறந்த கைதான் மனச்சாட்சிக்குப் பூட்டுப் போட்டது.

ஸ்பெயினிலும் இதுவே நிகழ்ந்தது. மருத்துவரும் தத்துவ அறிஞரும் காழியுமான இப்னு ருஷ்த், ஓர் அமீரின் ஆதரவில் உயர்ந்தார். அந்த அமீரின் மகனே 1195இல் அவரை ஊரை விட்டு அகற்றினார். அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. அவர் மன்னிக்கப்பட்டு, 1198இல் வபாத்தானார். எரிந்தவை போக எஞ்சிய அவருடைய எழுத்துக்களை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் படித்தன.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் தெளிவாகத் தெரிகின்றது. அன்றைய அறிஞருக்குக் கிடைத்தது ஆட்சியாளரின் தயவு, உரிமை அல்ல. தயவு கொடுத்தவரால் திரும்பப் பெறப்படும். உரிமையோ அவ்வாறு எளிதில் பறிக்க முடியாதது. தயவை நம்பி நட்ட மரம் ஒரு தலைமுறைக்கு நிழல் தரலாம். உரிமையில் வேரூன்றிய மரமே பல தலைமுறைக்கும் காய்க்கும்.

அரபு அறிஞர்களே சொன்ன உண்மை

2002ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் சார்பில் அரபு மனித அபிவிருத்தி அறிக்கை வெளிவந்தது. அதை எழுதியோர் அரபு அறிஞர்களே என்பதைக் கவனியுங்கள். அரபு நாடுகளைப் பின்னிழுக்கும் மூன்று குறைபாடுகளை அவர்கள் குறிப்பிட்டனர். சுதந்திரக் குறைபாடு, பெண்களுக்கு வாய்ப்பளிப்பதில் உள்ள குறைபாடு, அறிவுக் குறைபாடு என்பனவே அவை. வயது வந்தோரில் ஏறத்தாழ 6 கோடியே 50 இலட்சம் பேர் எழுத்தறிவற்றவர்கள் என்றும், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்றும் அவ்வறிக்கை கூறிற்று.

அறிவுச் சமூகத்தைக் கட்டியெழுப்புவது பற்றிய அடுத்த அறிக்கை 2003இல் வந்தது. தேசிய வருமானத்தில் 0.2 சதவீதத்துக்கு மேல் ஆராய்ச்சிக்குச் செலவிடப்படவில்லை என்று அது சுட்டிக்காட்டியது. 1998 முதல் 2000 வரையில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட அரபு மருத்துவர்கள் தாயகத்தை விட்டு வெளியேறியதாகவும் கூறியது. மூன்று குறைபாடுகளும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. தாய் கற்காத வீட்டில் பிள்ளையின் கேள்விக்கு விடை கிடைப்பது அரிது. கேள்விக்கு இடமில்லாத நாட்டில் கற்றவர் தங்குவதும் அரிது.

எகிப்தில் பிறந்த அஹ்மத் ஸுவைல் 1999இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் ஆய்வு செய்த இடம் அமெரிக்கா. 2025இல் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் உமர் யாகி. பலஸ்தீன அகதிக் குடும்பமொன்றில், 1965இல், ஜோர்தானின் அம்மான் நகரில் பிறந்தவர். குழாய் நீரில்லாத சிறிய வீட்டில் பெரிய குடும்பம். பத்து வயதில் நூலகமொன்றில் மூலக்கூறுகளின் படங்களைக் கண்டு வியந்த அந்தச் சிறுவன், 15 வயதில் அமெரிக்காவுக்குச் சென்றார். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த பொருட்களைப் பின்னாளில் உருவாக்கினார். அவற்றைக் கொண்டு பாலைவனக் காற்றிலிருந்தும் குடிநீர் எடுக்கலாம்.

திறமை அம்மானில் பிறந்தது; வாய்ப்புக் கடல் கடந்து கிடைத்தது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோருக்குப் புகலிடம் தந்தது நமது புத்தளம் மாவட்டமே. ஓலைக் கொட்டிலில் படித்த பிள்ளைகளை நாம் அறிவோம். அகதியின் பிள்ளைக்கும் அறிவு உரிமையானது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

‘வளைகுடா நாடுகள் செல்வத்தினாலேயே விஞ்ஞானத்தில் முன்னேறுகின்றனவே’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐக்கிய அரபு இராச்சியம் 2020இல் ஏவிய ‘அமல்’ விண்கலம் 2021 பெப்ரவரியில் செவ்வாய்க் கிரகத்தின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதன் விஞ்ஞானக் குழுவில் பெரும்பான்மையோர் பெண்கள். பெண்களின் கல்வி உரிமை திறந்துவிட்ட கதவு அது. பணம் ஆய்வுகூடத்தைக் கட்டும். ஆனால் ‘இந்த முடிவு பிழையானது’ என்று ஓர் இளம் ஆய்வாளர் அச்சமின்றிச் சொல்ல முடியாவிட்டால், அந்த ஆய்வுகூடத்தில் விஞ்ஞானம் நெடுங்காலம் வாழாது.

ஒராபி பாஷா நமக்குத் தந்தது

இந்த வரலாறு நமது இலங்கையையும் தொட்டுச் சென்றது. எகிப்தில் அரசியலமைப்பும் மக்கள் சபையும் வேண்டுமென எழுந்த இயக்கத்தின் தலைவர் அஹ்மத் ஒராபி பாஷா. 1882இல் ஆங்கிலேயர் அவரைத் தோற்கடித்து, 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தினர். தமது நாட்டில் உரிமை கேட்டவர், வந்த நாட்டில் கல்வியை விதைத்தார். அறிஞர் எம்.சி. சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரின் முயற்சியாலும் ஒராபி பாஷாவின் ஆதரவாலும் 1892இல் கொழும்பு மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. அதுவே இன்றைய ஸாஹிரா கல்லூரி. எகிப்து இழந்த மனிதர் நமக்குக் கிடைத்த பேறானார்.

நமது மண்ணின் பாடம்

இப்போது வண்ணாத்திவில்லுக்கு வருவோம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். கொழும்பின் குப்பையை நமது பிரதேசத்து அருவக்காட்டின் பழைய சுண்ணாம்புக்கல் அகழ்விடத்துக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு எதிராக 2018லும் 2019லும் புத்தளம் மக்கள் பல மாதங்கள் அறவழியில் போராடினர். ஆண்களும் பெண்களும் மாணவர்களும் வீதியில் நின்றனர்.

அவர்களுடைய கேள்விகளை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தின் ஊடாகக் கழிவுநீர் கசிந்தால் கிணறுகள் என்னாகும்? களப்பின் மீனும் இறாலும் என்னாகும்? இவை விஞ்ஞானக் கேள்விகள். அவற்றை வீதியில் நின்று கேட்க முடிந்தது உரிமையினால். உரிமை மட்டும் இருந்து விஞ்ஞானம் தெரியாவிட்டால் நமது குரல் வெறும் கூச்சலாகும். விஞ்ஞானம் தெரிந்தும் உரிமை இல்லாவிட்டால் நமது அறிவு வாயடைத்துப் போகும். இரண்டும் ஒரு பறவையின் இரு சிறகுகள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்நாட்டுப் பிரசைகள் அனைவருக்கும் உரியது. அரச அலுவலகம் ஒன்றிடம் குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையையோ திட்டமொன்றின் ஆவணத்தையோ நீங்கள் கேட்கலாம். எழுத முடியாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தமது தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். இளைஞர்களே, இதைக் கற்றுப் பயன்படுத்துங்கள்.

பெற்றோர்களே! உரிமையின் முதல் பாடசாலை வீடுதான். பிள்ளை ‘ஏன்?’ என்று கேட்கும்போது ‘வாயை மூடு’ என்று அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால், ‘தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை குறைந்துவிடாது. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்தில் சித்தியடைந்த மகளின் படிப்பைத் தூரத்தைக் காரணம் காட்டி நிறுத்திவிடாதீர்கள். மகனை ‘கடலுக்குப் போனால் போதும்’ என்று இடையில் மறித்துவிடாதீர்கள்.

நமக்கு அருளப்பட்ட வஹியின் தொடக்கமே வாசிப்பைப் பற்றிய கட்டளை. அந்தக் கட்டளையில் ஆண், பெண், செல்வந்தர், அகதி என்ற பிரிவில்லை. உங்கள் வீட்டில் இன்றிரவு ஒரு பிள்ளை கேட்கும் கேள்வியை மதித்துக் கேளுங்கள். அன்று அம்மானில் ஒரு சிறுவனின் வியப்பு, பாலைவனத்தில் நீர் எடுக்கும் வழியைக் காட்டியது. நாளை வரண்ட வண்ணாத்திவில்லின் தாகத்தைத் தீர்க்கும் விடை, நமது பிள்ளையொன்றின் கேள்வியிலிருந்து பிறக்கட்டும். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.