பழைய அம்பாசிடரின் பிரேக்

பரங்கிமலையிலிருந்து குடும்பத்தோடு காரில் இறங்கிக்கொண்டிருந்தோம். மலை ஏறத்தாழ 300 அடி உயரந்தான். எனினும் வளைவுதோறும் பிரேக்கை மிதித்து வந்த எமது பழைய அம்பாசிடரில், அடிவாரத்தை நெருங்குகையில் மிதி வழக்கத்தைவிட ஆழமாய்த் தாழ்ந்தது. பின்னிருக்கையில் குழந்தைகள். மயிலாப்பூர் வந்து சேரும்வரை நாம் வாய் திறக்கவில்லை.

2014-இல் உற்பத்தி நின்றுபோன இந்த வண்டியின் பழைய வகைகளில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கே. உருளும் டிரமினுள் இரு ஷூக்கள் விரிந்து உராய்கின்றன. உராய்வின் வெப்பத்தால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கின் பிடியும் தளரும். தியாகராய நகர் நெரிசலில் ஊர்ந்து செல்கையில் இக்குறை தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும்.

உடனே டிஸ்க் பிரேக் மாற்றிவிடலாம் என்பார் பலர். சர்வோ பொருத்தச் சொல்வாரும் உண்டு. சர்வோ காலின் சுமையைக் குறைக்கும். டிரமின் வெப்பத்தைக் குறைக்காது. உள்ளதைச் செம்மையாக்குவதே முதல் வேலை என்பது எமது கருத்து.

தேய்ந்து வரிவிழுந்த டிரமை லேத்தில் கடையலாம். ஆனால் அளவு மீறிக் கடைந்த டிரம் மெலிந்து விரைவில் சூடேறும். கடைந்த டிரமின் விட்டம் பெருகிவிடுவதால், புதிய லைனிங் நடுவில் மட்டுமே தொடும். ஆகவே லைனிங்கை டிரமின் வளைவுக்கேற்ப அரைத்துப் பொருத்த வேண்டும். பெரும்பாலான பட்டறைகள் தவிர்ப்பது இதைத்தான்! லைனிங் முழுவதும் படிந்து உராய்ந்தால் பிடிப்பு வியக்கத்தக்கவாறு மிகும்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கடலோர நகரில் கேட்கவே வேண்டாம். டாட் 3 வகை ஆயில் புதிதாயின் குறைந்தது 205 பாகையில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். ஆவி அமுங்கிவிடுமாதலால் மிதி வெறுமையாய் இறங்கும். ஈராண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுக.

இவை அனைத்தினும் பெரிய ஆபத்து வேறொன்று. பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஆயில் இணைப்பு. ஒரு குழாய் உடைந்தால் நான்கும் செயலிழக்கும். கைப்பிரேக் ஒன்றே எஞ்சும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி வழி தரும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைத் தேர்ந்த மெக்கானிக்கைக்கொண்டு பொருத்துவது செலவுக்குத் தகும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் உதிரிப்பாகம் தேடலாம். ஆனால் பிரேக்குக்குப் பழைய பாகம் வாங்காதீர்கள்.

பட்டறையில் நாம் கண்ட காட்சி ஒன்று மனத்தை உறுத்துகிறது. டிரமைக் கழற்றிய சிறுவன், உள்ளிருந்த தூசியை வாயால் ஊதினான். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அத்தூசி பல ஆண்டுகள் கழித்து நுரையீரலில் புற்றுநோயாய் வெளிப்படும். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லி அருகிலேயே நின்றோம். ஆஸ்பெஸ்டாஸ் கலவாத லைனிங்கையே கேட்டு வாங்கினோம்.

வேலை முடிந்ததும் விடியற்காலையில், ஆளரவமற்ற அடையாற்றுப் பக்கத் தெருவொன்றில், 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்துப் பார்த்தோம். வண்டி இடப்புறம் இழுத்தது. வலப்பக்க முன் ஷூக்களின் இடைவெளியைச் சிறிது குறைத்தபின் நேராய் நின்றது.