மௌலானா ஆசாத் உதவித்தொகை நின்றது. ஆய்வுப் படிப்புக்கு வேறு வழி உண்டு

குள்ளஞ்சாவடியில் நிலத்தடி நீரைப் பற்றிப் பேச்செடுத்தால், அது நெய்வேலிச் சுரங்கத்தில்தான் போய் நிற்கும். பழுப்பு நிலக்கரியை வெட்ட, அதன் அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீரை இரவு பகலாக இறைத்து வெளியேற்றியாக வேண்டும். இதனால் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கு என்ன நேர்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு இளம் ஆய்வாளர்கள் தேவை. அவர்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும்.

சிறுபான்மை மாணவர்களின் முனைவர் பட்ட ஆய்வுக்குக் கைகொடுத்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. அத்தோடு கதவு அடைபட்டுவிட்டதாகப் பல பெற்றோர் எண்ணுகின்றனர். அப்படியல்ல.

யுஜிசி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியலும் ஒரு பாடம். முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய் கிடைக்கும். வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓபிசி பிரிவினருக்கும் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு.

இங்குதான் நம் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் ஆகியோர் ஒன்றிய ஓபிசி பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் கையில் இருக்கும் மாநில பிசிஎம் சான்றிதழ் இதற்குச் செல்லாது. கிரீமிலேயரில் வராதவர் என்று குறிப்பிடும் ஓபிசி சான்றிதழைத் தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

தேர்வுக்குப் படிக்கும் ஓராண்டுச் செலவை ஜமாஅத்தார் ஏற்றுக்கொண்டால், அடுத்த ஐந்தாண்டுகளை அந்தப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். இந்த ஆண்டு நம் மஹல்லாவில் ஒருவரையாவது அனுப்புவோமா?